சட்டத்துக்கு வானூர் உரை

தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் தொடங்கி நச்சினார்க்கினியர் வரை உரையாசிரியர்கள் வந்தார்கள். திருக்குறளுக்குப் பத்துப் பேர். அவர்களோடு தமிழில் உரை மரபு அற்றுப்போய்விட்டது என்று வருந்துகிற பேராசிரியர்கள் ஒருநாள் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வானூர் வட்டத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கட்டடத்தின் முன்னால் நிற்க வேண்டும். மேஸ்திரி, காண்ட்ராக்டர், சைட் இன்ஜினீயர், ஓனர், அவசியம் ஏற்படும்போது காவல் நிலைய ஏட்டு என்று இத்தனை பேரும் ஒரே மூல நூலுக்கு நாளெல்லாம் உரை சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். மூல நூல், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த, 1996-ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம். உரைகள் பல என்றாலும் முடிபு ஒன்றுதான்: விழுந்தவன் மேல்தான் தப்பு.

பரிமேலழகருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம், அவர் மூலத்தைப் படித்திருந்தார்.

முதல் சூத்திரம் ஓர் எண். பத்துத் தொழிலாளர்களாவது வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் சட்டம் பொருந்தும். இதற்கு நம் வட்டாரத்து உரை எளிமையானது: நம்மகிட்ட பத்துப் பேர் இல்ல சார். நாற்பது பேர் ஏறி இறங்குகிற சைட்டில் நின்றுகொண்டு கண் இமைக்காமல் இதைச் சொல்லலாம். கொத்து வேலை ஒரு மேஸ்திரி கணக்கு. சென்ட்ரிங் இன்னொருவர். கம்பி கட்டுகிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குத் தனி ஏஜென்ட். டைல்ஸ் தனி, பிளம்பிங் தனி, பெயின்ட் தனி. ஒவ்வொருவர் நோட்டைப் புரட்டினாலும் ஒன்பது பெயர். மிஞ்சிப்போனால் ஒன்பதரை; அந்த அரை, தாயோடு வந்து மணல் குவியலில் விளையாடுகிற குழந்தை. (ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதே சட்டத்தில் இருந்தது. அதற்கு யாரும் உரை எழுதவில்லை. ஒன்பதுக்குள் ஐம்பதை எங்கே தேடுவது?)

மூலம் சொன்னது வேறு. கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரே ஒரு நாள் பத்துப் பேர் இருந்திருந்தாலும் சட்டம் அந்த இடத்துக்குப் பொருந்தும். தளம் போடுகிற நாள் ஒன்று போதாதா? அன்றைக்கு விடியலிலேயே கலவை மெஷின் வந்து நின்றுவிடும். ஜல்லிக்கு நான்கு பேர், மணலுக்கு மூன்று பேர், சிமென்ட் மூட்டை கிழிக்க ஒருவர், சாரத்தில் படிக்குப் படி நின்று பாண்டை கைமாற்றிவிட எட்டுப் பெண்கள், மேலே பரப்ப, வைப்ரேட்டர் பிடிக்க, மட்டப்பலகை இழுக்க என்று தலையை எண்ணினால் முப்பதைத் தாண்டும். வேலை நடுவில் நின்றால் தளத்தில் இணைப்பு விழுந்துவிடும் என்பதால் சாப்பாட்டைக்கூட முறை வைத்துத்தான் சாப்பிடுவார்கள். கான்கிரீட்டுக்கு இடைவேளை ஆகாது என்ற பொறியியல் விதியை இந்தச் சைட் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. பத்துப் பேர் இருந்தால் சட்டம் வரும் என்ற விதியை மட்டும் சாயங்காலம் கலவை மெஷினோடு சேர்த்துக் கழுவிவிடுகிறது.

அடுத்தது 46-ஆம் பிரிவு. வேலை தொடங்குவதற்கு முப்பது நாளுக்கு முன்பே ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. நம்மவர்கள் முன்கூட்டியே தெரிவிக்காதவர்கள் அல்ல. வாஸ்துக்காரருக்குத் தெரிவிக்கிறார்கள். பூமி பூஜைக்கு ஐயருக்குத் தெரிவிக்கிறார்கள். கவுன்சிலருக்குத் தெரிவிக்கிறார்கள், தெரிவிக்க மறந்தால் அவரே வந்து தெரிந்துகொள்கிறார். மிச்சமிருக்கும் ஒரே ஆள் ஆய்வாளர். அவருக்கும் தெரிவித்து அவர் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

பூமி பூஜை முடிந்து தூண்கள் மேலே வந்ததும் கண் திருஷ்டிக்கு ஒரு பொம்மை கட்டுவார்கள். பழைய பேன்ட், சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்குக் கறுப்புப் பானை. விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பில் நல்ல நைலான் கயிறாகப் பார்த்து, கம்பியோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போடுவார்கள். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அது விழாது. அந்தச் சைட்டில் கயிறு கட்டிக்கொண்டு உயரத்தில் நிற்கிற ஒரே உடம்பு அதுதான்.

கயிறு கட்டாமல் நிற்கிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள். "பெல்ட்டு கட்டிக்கினு எப்பிடி சார் வேல செய்றது? கைக்கும் காலுக்கும் எட்டாது" என்பார்கள். இந்த வாக்கியத்தைத்தான் காண்ட்ராக்டர் பிறகு காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்வார். பெல்ட் வாங்கிக் கொடுத்தோம், ஆளுங்க கட்ட மாட்டேங்குறாங்க. வாங்கிய பெல்ட் எங்கே என்று கேட்டால் சிமென்ட் ஷெட்டின் மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். அதைக் கொக்கி மாட்டுவதற்குச் சாரத்தில் ஓர் உயிர்க்கயிறு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட் இடுப்புக்கு அழகு, அவ்வளவுதான். சாரமோ மரக்காணம் பக்கத்துச் சவுக்குக் கழி. கட்டிய கயிறு எத்தனை மழை பார்த்தது என்று கட்டியவருக்கே தெரியாது. சவுக்குக் கழியைக் குறை சொல்லவில்லை. கடலோரக் காற்றைத் தாங்கி வளர்ந்த மரம், பாரம் தாங்கும். ஆனால் கைப்பிடி இல்லாத, இரண்டு பலகை அகலமுள்ள, ஒரு பக்கம் ஆணி எழும்பிய மேடையில் தலையில் பாண்டோடு ஒரு பெண் நடந்து வருகிறபோது அவளைத் தாங்குவதற்கு அங்கே மரமும் இல்லை, சட்டமும் இல்லை.

இதில் கணக்கும் இருக்கிறது. நம் காண்ட்ராக்டர்கள் கணக்கில் புலிகள். பாதுகாப்பு விதிகளை மீறினால் 47-ஆம் பிரிவில் தண்டனை இருந்தது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வரை. சிறைக்குப் போனவரை யாரும் பார்த்ததில்லை; ஆகவே 2,000 என்று வைத்துக்கொள்வோம். உடம்பு முழுக்க மாட்டுகிற நல்ல ஹார்னெஸ் ஒன்றின் விலை கொத்தனாரின் இரண்டு மூன்று நாள் கூலிக்குள் வந்துவிடும். பத்துப் பேருக்கு வாங்கினால் அபராதத்தைவிடப் பல மடங்கு ஆகிவிடும். சட்டம் எழுதியவர்களே சட்டத்தை மீறுவது லாபம் என்று கூட்டிக் கழித்துக் காட்டியிருக்கிறார்கள். 1996-ல் பொன்னி அரிசி என்ன விலை, சிமென்ட் மூட்டை என்ன விலை, இன்று என்ன விலை? எல்லாம் ஏறியது. அந்த 2,000 மட்டும் சட்டம் ஒழிகிற வரைக்கும் ஏறவில்லை.

பெரிய சைட்டுகள் அப்படி இல்லை என்பீர்கள். உண்மைதான், அங்கே உரை ஆங்கிலத்தில் இருக்கும். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் எழுத்து மூலமான பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்லியிருந்தன. அதனால் நாலுவழிச் சாலையோரம், தொழிற்பேட்டைக்குள், எங்கே போனாலும் கன்டெய்னர் அலுவலகத்தில் அந்தக் கொள்கை பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டுத் தொங்குகிறது. பூஜ்ய விபத்து, பூஜ்ய சமரசம், எல்லாம் பூஜ்யம். கீழே நிர்வாக இயக்குநரின் கையெழுத்து. படிக்க வேண்டியவர் கைநாட்டு. காலையில் டூல்பாக்ஸ் டாக் என்று பத்து நிமிடம் நிற்கவைத்துப் பேசுவார்கள். பேசுகிறவருக்கு இந்தி வராது, கேட்கிறவருக்குத் தமிழ் வராது, இருவரும் சந்திக்கிற இடம் ஒரு போட்டோ. போட்டோ வாட்ஸ்அப்பில் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அத்தோடு அன்றைய பாதுகாப்பு நிறைவேறியது. பள்ளத்தில் இறங்குவதற்கு ஒர்க் பர்மிட் எழுத வேண்டும். எழுதுகிறார்கள், வார ஆரம்பத்திலேயே வாரம் முழுவதற்கும் சேர்த்து. ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டினால் பக்கவாட்டு மண்ணுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கும். அந்த இடத்தில் ஒரு டிக். மண்ணுக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அன்றைக்கு மட்டும் எல்லாத் தலையிலும் ஹெல்மெட் இருக்கும். உறுதிமொழி, பேனர், லட்டு. ஐந்தாம் தேதி அந்த ஹெல்மெட்டுகளில் சில ஜல்லி அள்ளப் பயன்படுகின்றன. சில கவிழ்த்து வைத்து உட்காருவதற்கு ஆகின்றன. ஷெட்டில் வெள்ளை ஹெல்மெட் இரண்டு மட்டும் தூசி படாமல் இருக்கும். அவை வருகை தரும் அதிகாரிகளுக்கு. கட்டடம் முடிகிற வரை தரையிலேயே நிற்கப்போகிற தலைகளுக்கு அத்தனை பாதுகாப்பு.

வானூர் வட்டத்தில் பாதுகாப்பு என்பதே தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியக் கல்மரப் பூங்கா அமைத்து, சுற்றி வேலி போட்டு, தொடாதே என்று பலகை வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஏற்கெனவே விழுந்துவிட்ட மரத்துக்கு வேலி உண்டு. அதே திருவக்கரை வட்டாரத்துக் குவாரிகளில் உடைத்த ஜல்லியைச் சுமந்துகொண்டு இன்னும் விழாமல் நிற்கிற மனுஷிக்கு மூன்றாம் மாடி விளிம்பில் ஒரு தடுப்புக் கம்பி கிடையாது. அவள் கல்லாகிற வரை காத்திருக்க வேண்டும் போல.

அந்த மனுஷி யார் என்பதும் ஊருக்குத் தெரியும். சித்தாளாகப் போகிற பெண்கள் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், யார் பெயர் சொல்லாமல் "ஏ புள்ள" என்று கூப்பிடப்படுகிறார்கள், யாருக்குத் தண்ணீர் தனி டம்ளரில் இல்லாவிட்டாலும் தனிப் பார்வையோடு தரப்படுகிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானூர் தனித்தொகுதி. சட்டமன்றத்துக்கு இடம் ஒதுக்கியாயிற்று. சாரத்தில் கைப்பிடி ஒதுக்குவதற்கு அரசியல் சாசனத்தில் இடம் இல்லையாம். இருபது வருடம் கலவை சுமந்தும் இவர்களில் ஒருத்தியும் கொத்தனார் ஆகவில்லை. கரண்டி பிடித்தால் கூலி ஏறிவிடும். ஈர சிமென்ட் தின்ற பாதத்துக்கும் விரலிடுக்குக்கும் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதுதான் இவர்களுக்கு வாய்த்த சுகாதாரக் கொள்கை. ரப்பர் பூட்சும் கையுறையும் சட்டத்தின் விதிகளில் பத்திரமாக இருக்கின்றன.

எங்கள் பகுதிக்கென்று ஒரு தனிச் சிறப்பும் உண்டு. இங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. தெருவின் இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு யூனியன் பிரதேசம். காண்ட்ராக்டருக்கு அலுவலகம் புதுச்சேரியில், சைட் பட்டானூரில், ஆள் கிளியனூரிலிருந்து. அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவது கோரிமேட்டில் ஜிப்மருக்கு. விழுவது ஓர் அரசில், சாவது இன்னோர் அரசில். தமிழ்நாட்டு நலவாரிய அட்டை வைத்திருப்பவர் எல்லையின் அந்தப் பக்கத்துச் சைட்டில் விழுந்தால், இந்த வாரியம் அந்த வாரியத்தைக் காட்டும், அந்த வாரியம் இந்த வாரியத்தைக் காட்டும். சரக்கு பாட்டில் எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கிற இரண்டு நிர்வாகங்களும், எல்லை தாண்டிப் போகிற ஒரு மனிதனின் பொறுப்பு யாருடையது என்று வருடக்கணக்கில் தேடுகின்றன.

சின்ன ஊர்ச் சங்கதி, சென்னை அப்படி இருக்காது என்று யாராவது நினைக்கலாம். அவர்களுக்காக மவுலிவாக்கம்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. போரூர் ஏரிக்குப் பக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடி அடுக்ககம் சாயங்கால மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் வந்த கூலிகள். நாள் கணக்கில் இடிபாடுகளைத் தோண்டி 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். கட்டியவர்கள் தரப்பில் சொன்ன முதல் உரை என்ன தெரியுமா? இடி விழுந்துவிட்டது. இந்திரன் மேல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்ற சட்ட நுணுக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரமே, ஜூலை 6-ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டத்தில் கிடங்குச் சுவர் ஒன்று மழையில் சரிந்து, அதன் ஓரத்துக் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் 11 பேரை அமுக்கியது. மழைதான் காரணம் என்றார்கள். தமிழ்நாட்டில் ஜூன், ஜூலையில் மழை பெய்யும் என்று யாருக்குத் தெரியும்?

மவுலிவாக்கத்துக்கு நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். சரிந்த கட்டடத்துக்கு எதிரே அதே அச்சில் வார்த்த இரட்டைப் பிறவி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை இடிக்க 2016 நவம்பர் 2-ஆம் தேதி வரை ஆனது. அன்றைக்குத்தான் நான் இந்த நாட்டின் திறமையைப் பார்த்தேன். சுற்றுவட்டாரத்து வீடுகள் எல்லாம் காலி செய்யப்பட்டன. போலீஸ், தீயணைப்பு வண்டி, தொலைக்காட்சி கேமராக்கள். தூண் தூணாகத் துளையிட்டு, வெடிமருந்தை எடைபோட்டு வைத்து, ஆள் நடமாட்டம் இல்லை என்று திரும்பத் திரும்ப உறுதி செய்துகொண்டார்கள். சில நொடிகளில் கட்டடம் நின்ற இடத்திலேயே பொடியாகியது. ஓர் உயிருக்குக்கூடச் சேதமில்லை. பாதுகாப்பு நடைமுறை என்றால் என்ன, இடர் மதிப்பீடு என்றால் என்ன, எல்லாம் நமக்குத் தெரியும், கருவி இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்பதை அரசு அன்றைக்கு நிரூபித்தது. கட்டடத்துக்குள் தொழிலாளி ஒருவரும் இல்லாத நாளாகப் பார்த்து நிரூபித்தது.

மவுலிவாக்கம் சரிந்து பதினோரு வருடம் போனது. 2025 செப்டம்பர் 30. எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். இது கவுன்சிலரின் மச்சான் கட்டுகிற லாட்ஜ் அல்ல. மாநில அரசின் மின் நிலையம், மத்தியப் பொதுத்துறை நிறுவனம் எடுத்துச் செய்கிற வேலை. பாதுகாப்புக் கொள்கை, பாதுகாப்பு அதிகாரி, ஒர்க் பர்மிட் என்று ஒரு தாள்கூடக் குறைவிருக்காது. முதல்வர் 10 லட்சம் அறிவித்தார், பிரதமர் 2 லட்சம் அறிவித்தார். ஆழ்ந்த இரங்கல் இரண்டு மொழிகளில் வந்தது. அறிவிப்பு வருகிற வேகத்தைப் பார்த்தால் நிவாரணத்துக்குத்தான் நம்மிடம் செயல்முறை இருக்கிறது, ஒத்திகை இருக்கிறது, பொறுப்பான அதிகாரி இருக்கிறார் என்று தெரிகிறது. சாவதற்கு முந்தைய நாளில் அந்தச் சாரத்தை யார் சோதித்தார் என்ற கேள்விக்கு அத்தனை வேகத்தில் பதில் வருவதில்லை.

என் ஆத்திரம் இந்த இடத்தில்தான். இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளருக்காக முன்கூட்டி யோசித்த மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-ல் நலவாரியம். மத்தியச் சட்டம் வந்ததே அதற்கப்புறம்தான். சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியது அது. அந்தப் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நலவரியாகக் கட்டிவிட்டால் மேலே ஏறுகிறவரின் உயிருக்கும் சேர்த்து ரசீது வாங்கிவிட்டதாகக் கட்டுகிறவர் நினைக்கிறார். வரி வாங்கிக்கொண்ட அரசும் அப்படியே நினைக்கிறது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பணம் கைமாறிவிடுகிறது. மேலே கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை. அந்தப் பணமாவது ஒழுங்காகப் போகிறதா? 2018 மார்ச் 19-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு கேட்டது: நாடு முழுக்க 37,400 கோடி வசூலித்து, 9,500 கோடி மட்டும் செலவழித்துவிட்டு மீதியை வைத்து என்ன செய்கிறீர்கள்? அதற்கு முந்தைய வருடம் இதே வழக்கில், தொழிலாளர் பணத்தில் வாஷிங் மெஷினும் லேப்டாப்பும் வாங்கியிருக்கிறார்கள் என்ற தகவலைக் கேட்டு உச்ச நீதிமன்றம் அதிர்ந்தது. நான் அதிரவில்லை. சாரத்திலிருந்து விழுகிறவரின் வேட்டியில் ரத்தக்கறை இருக்குமே, துவைக்க வேண்டாமா?

பழைய சட்டம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்லது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: விதிமீறலால் உயிர் போனால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும், அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 2,000 ரூபாயைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய முன்னேற்றம். அதே கையோடு இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் வரை என்றிருந்த விலக்கை 50 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். வானூர், திண்டிவனம், மயிலம் பக்கம் 50 லட்சத்துக்கு மேல் வீடு கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். மிச்ச வீடுகளின் மேலிருந்து விழுகிறவர்கள் சட்டத்துக்கு வெளியே விழுகிறார்கள். ஆய்வாளரும் இனி வெறும் ஆய்வாளர் இல்லை. ஆய்வாளரும் உதவுநரும் ஒருவரே. எந்த இடத்துக்கு ஆய்வுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டுச் சொல்லும். முன்பு வராமலிருந்தவர் இனி கணினி முறைப்படி வராமலிருப்பார்.

இத்தனை உரைக்கும் பிறகு கடைசி உரை ஒன்று உண்டு. அது பிணவறை வாசலில் நடக்கும். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பு வெளியே வருவதற்குள் நான்கைந்து பேர் புளியமரத்தடிக்குக் குடும்பத்தைத் தள்ளிக்கொண்டு போவார்கள். காண்ட்ராக்டரின் ஆள், ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர், கட்சிக் கரைவேட்டி ஒருவர். "போன உசுரு வரப்போவுதா? கேஸு, கோர்ட்டுனு அலைஞ்சா வக்கீலுக்குத்தான் மா பணம். இந்தா, எடுப்புச் செலவுக்கு இருக்கட்டும். ரெண்டு லட்சம் பேசி முடிச்சிடலாம்." நேற்று வரை "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர்கள் அன்றைக்கு "அம்மா" என்கிறார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவன் குடிச்சிருந்தான் மா. பெல்ட்டு கட்டுன்னு சொன்னோம், கேக்கல. கேஸுக்குப் போனா ஒரு ரூவா வராது." ஒரு வெள்ளைத் தாள் நீட்டப்படும். பெண்டாட்டியின் கட்டை விரலில் யாரோ மை தடவுவார்கள். காவல் நிலையத்தில் அது இயற்கைக்கு மாறான மரணம். பழைய பழக்கத்தில் இன்னும் 174-ஆம் பிரிவு என்றுதான் சொல்கிறார்கள். எதிரி என்று ஒருவர் வேண்டியிருந்தால் மேஸ்திரி இருக்கிறார். அவரும் பத்து வருடம் முன்பு சாரத்தில் நின்றவர்தான். இன்ஜினீயர் பெயரும் ஓனர் பெயரும் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மட்டும் வரும்.

அந்தப் புளியமரத்தடியில் சொல்லப்படுகிற ஒவ்வொரு வாக்கியமும் பொய். இதை வானூர், திண்டிவனம் பக்கத்தில் கட்டட வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். குடித்திருந்தார், சொன்னபடி கேட்கவில்லை, பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டார் என்ற சாக்குகள் எல்லாம் சாவுக்கும் முழு ஊனத்துக்கும் குறைவான காயங்களுக்குத்தான் செல்லும். சாவு என்றாலோ, இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர ஊனம் என்றாலோ அந்தச் சாக்கைக் காட்டி இழப்பீட்டை மறுக்கச் சட்டம் விடுவதில்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. "அவன் என் ஆளே இல்ல, சப்-காண்ட்ராக்ட் ஆளு" என்பதும் செல்லாது. வேலையை எடுத்து நடத்துகிற பெரிய காண்ட்ராக்டர் முதலில் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் சின்னவரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான். இரண்டு லட்சம் என்கிறார்களே, பழைய 1923 சட்டக் கணக்கிலேயே, மாதக் கூலியை அன்றைய அதிகபட்ச வரம்பான 15,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 40 வயதில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டியிருந்தது 13,81,275 ரூபாய். ஈமச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் வட்டி, அதற்கு மேல் அபராதம்.

ஆகவே தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, எடுப்புச் செலவுக்கு என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது அவர்கள் கொடுக்க வேண்டியதுதான். தாளில் மட்டும் விரலை வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றாலும் பயப்படாதீர்கள், உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குகிற தாள் செல்லாது. விழுந்த இடத்தைச் செல்போனில் படம் எடுங்கள், கூட வேலை செய்தவர்கள் பெயரை எழுதிவையுங்கள், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், ஏதாவது ஒரு சங்கத்தைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் மனுப் போடுங்கள். சாவுக்கான இழப்பீட்டை முதலாளி அந்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மரத்தடியில் குடும்பத்தின் கையில் திணித்த பணத்தோடு இழப்பீடு தீர்ந்ததாகச் சட்டம் எண்ணுவதில்லை.